முல்லை பாலையாகும் வடபெனின்

2025 ஆம் ஆண்டு ஏப்பிரில் 17 ஆம் நாள், மேற்கு ஆபிரிக்காவிலுள்ள பெனின் நாட்டின் வடகோடியில், காட்டெல்லையிற் காவல்நின்ற படைவீரர் 54 பேர் ஒரே நாளில் மாண்டனர். இஃது அந்நாட்டு அரசு தானே வெளியிட்ட தொகை. அதற்கு மூன்று மாதங்களின் முன், ஜனவரி 8 ஆம் நாள், அதே எல்லைப்புறத்தில் 28 வீரர் வீழ்ந்திருந்தனர். அவ்வாண்டு முடிவதற்குள், டிசெம்பர் 7 ஆம் நாட்காலையில், படையினருட் சிலர் தேசியத் தொலைக்காட்சியில் தோன்றி, ஆட்சியைத் தாம் கைப்பற்றிவிட்டதாக அறிவித்தனர். வடபுலத்தின் பாதுகாப்புச் சீர்குலைந்ததையும், அங்கே மடிந்த தம் தோழர் புறக்கணிக்கப்பட்டதையும் அவர்கள் காரணமாகக் காட்டினர். அயல்நாடாகிய நைஜீரியாவின் துணையோடு அம்முயற்சி அன்றே முறியடிக்கப்பட்டது.

இத்தகைய செய்திகள் உலகப் பத்திரிகைகளில் ஓரிரு நாள் இடம்பெற்று மறைந்துவிடுகின்றன. ஆயினும் இவை ஊன்றி நோக்கற்பாலன. பெனின், 1963 க்கும் 1972 க்கும் இடையில் அடுத்தடுத்து நிகழ்ந்த ஆட்சிக் கவிழ்ப்புகளால் அலைக்கழிந்த நாடு. பின்னர் 1990 இல் தேசிய மாநாடு கூட்டி, ஒருகட்சி ஆட்சியை இரத்தஞ் சிந்தாமலே நீக்கியதும் அதே நாடுதான். 1991 இல் தேர்தலிலே தோல்வியுற்ற தலைவர் மத்தியே கெரெக்கு அமைதியாகப் பதவியை விட்டிறங்கினார். அத்தகைய நாட்டின் அரசிருக்கையை, அதற்கு ஏறத்தாழ 600 கிலோமீற்றர் அப்பாலுள்ள ஒரு காடு எவ்வாறு அசைத்தது என்பதே நாம் ஈண்டு ஆராயப் புகும் வினா.

ஒரு நாட்டை அறிதற்குத் தமிழ் நூலோர் நல்லதொரு முறை வகுத்துள்ளனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்துக்குரிய மரமும் விலங்கும் மாந்தரும் தொழிலும் கருப்பொருள். இவற்றோடு இயைந்தெழும் ஒழுக்கம் உரிப்பொருள். செய்யுளுக்கென வகுத்த இம்முறை பிறநாட்டு நடப்பை விளங்கிக்கொள்ளுதற்கும் உதவும். நிலத்தையும் உயிர்களையும் அறியாமல் அரசியலை மட்டும் அறியப் புகுவோர், வேரை விட்டுக் கிளையைப் பிடித்தவராவர்.

நிலம்

பெனினுக்கு மேற்கே தோகோ, கிழக்கே நைஜீரியா, வடக்கே நைஜரும் புர்க்கினா பாசோவும், தெற்கே அத்திலாந்திக்குக் கடலின் பெனின் குடா. பரப்பளவில் நம் இலங்கையினும் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மடங்கு பெரியது. கடற்கரையோ 121 கிலோமீற்றர் அளவே. தெற்கில் ஒடுங்கி வடக்கில் விரிந்து, கையிற் பிடித்த பந்தம்போலத் தோன்றும் வடிவினது. முன்னர் தகோமே என வழங்கிய இந்நாடு 1960 ஒகஸ்ட் 1 ஆம் நாள் பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. 1975 இல் பெனின் எனப் பெயர் மாறியது. வெண்கலச் சிற்பங்களாற் புகழ்பெற்ற பழைய பெனின் பேரரசு இதுவன்று. அது நைஜீரியாவினுள் அடங்கியது. பெயர் ஒற்றுமையால் இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பிழை.

தென்கரையில் மணற்றிட்டும், அதன் பின்னே கழிகளும், நொக்குவே என்னும் ஏரியும் உள்ளன. மேற்கு ஆபிரிக்கக் கரையில் நெடுந்தூரம் செறிந்து செல்லும் மழைக்காடு இங்கே திடீரென அறுபடுகிறது. இருபுறக் காடுகளுக்கும் நடுவே புல்வெளி கடற்கரைவரை இறங்கிவருகிறது. இதனைத் 'தகோமே இடைவெளி' என்பர் புவியியலார். உள்நாடு செல்லச்செல்ல மேட்டுநிலம். வடமேற்கே அற்றாக்கோரா மலைத்தொடர். அதற்கப்பால் நைஜர் ஆற்றை நோக்கிச் சரியும் சமவெளி. மேக்குரு, அலிபோரி, சோத்தா என்னும் ஆறுகள் வடக்கே ஓடி நைஜரிற் கலக்கின்றன. பென்ஜாரி ஆறு மட்டும் மலையைச் சுற்றி வளைந்து மேற்கே சென்று வொல்ற்றா ஆற்றைச் சேர்கிறது.

தெற்கில் ஆண்டுக்கு இருமுறை மாரி. வடக்கில் ஒருமுறையே, அது மே முதல் ஒக்டோபர் வரை நிகழும். பின்னர் சகாராவிலிருந்து 'ஹர்மத்தான்' என்னும் வறண்ட காற்றுப் புழுதி சுமந்து வீசும். புல் காயும், சிற்றாறுகள் வற்றும். அக்காலத்தே நீருள்ள இடத்தை நாடி விலங்கும் மந்தையும் மாந்தரும் ஒருங்கே பெயர்வர். வடபெனினின் இன்னல் அனைத்துக்கும் இப்பெயர்ச்சியே அச்சாணி என்பதை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும்.

உயிர்கள்

வடபுலம் வெறும் வறுநிலம் என்று எண்ணற்க. நம் மன்னாரிலே அயல்நாட்டு மரமாக நின்று வியப்பூட்டும் பெருக்கமரம் அங்கே ஊர்தோறும் நிற்பது. வித்திலிருந்து நெய்யெடுக்கும் சியா மரம் வயல்களின் நடுவே வளர்கிறது. நம் பனைக்கு இனமாகிய ஆபிரிக்கப் பனையும் அங்குண்டு. அதன் முளைக்கிழங்கை அவித்துண்பதும் சந்தையில் விற்பதும் பெனின் மக்களின் வழக்கம். பனங்கிழங்கின் சுவை யாழ்ப்பாணத்தார்க்கே உரியதென எண்ணியிருந்தோர் இதனை அறிந்து மகிழலாம்.

இவ்வடபுலத்தில் இரண்டு பெருங்காடுகள் காக்கப்படுகின்றன. ஒன்று பென்ஜாரி. மற்றையது நைஜர் ஆறு ஆங்கில எழுத்தாகிய 'டபிள்யூ' வடிவில் வளைந்தோடும் இடத்தை அடுத்துக் கிடத்தலின், அவ்வெழுத்தாலேயே பெயர்பெற்றது. இவையும் புர்க்கினாவிலுள்ள ஆர்லிக் காடும் ஒன்றோடொன்று தொடர்ந்து மூன்று நாடுகளிற் பரந்துள்ளன. நைஜர் பகுதியை 1996 இல் உலக மரபுரிமையாக ஏற்ற யுனெஸ்கோ, 2017 இல் பெனின், புர்க்கினாப் பகுதிகளையும் அதனோடு சேர்த்தது. அவ்வாறு ஏற்கப்பட்ட பரப்பு ஏறத்தாழ 15,000 சதுர கிலோமீற்றர்.

மேற்கு ஆபிரிக்காவில் எஞ்சியுள்ள யானைகளின் மிகப்பெருந்தொகுதி இங்கேதான் வாழ்கிறது. எருமை, நீர்யானை, பலவகை மான்கள், அருகிவிட்ட சிவிங்கிப்புலி ஆகியனவும் உள. எல்லாவற்றினும் அரியது சிங்கம். 2014 இல் வெளிவந்த ஆய்வொன்று, மேற்கு ஆபிரிக்கா முழுவதிலும் சிங்கங்கள் ஏறத்தாழ 400 மாத்திரமே எஞ்சியுள்ளன என்றும், அவற்றுட் பெரும்பாலானவை இம்மூன்று காடுகளிலுமே வாழ்கின்றன என்றும் கணித்தது. இவற்றின் ஆணுக்குப் பிடரிமயிர் மிகக் குறைவு. பிறப்புமுறையிலும் இவை தென்னாபிரிக்கச் சிங்கத்தினும் இந்தியாவின் கிர்க்காட்டுச் சிங்கத்துக்கே நெருங்கியவை என்பது அண்மைக்கால ஆய்வின் முடிபு. இவை அழியின், அவ்விடத்தை நிரப்ப வேறோரிடத்துச் சிங்கம் ஈடாகாது.

மக்கள்

தென்புலத்தே ஃபொன் மக்களே பெருந்தொகையினர். கிழக்கே யொருபா மொழியினர். நொக்குவே ஏரியின் நடுவே கால்நட்டு வீடமைத்து வாழும் தோஃபினு மக்கள், மரக்கிளைகளை நீரடியில் அடர நட்டு அங்கே மீனைத் தங்கச்செய்து பிடிக்கின்றனர். அவர்தம் ஊராகிய கன்வியேயின் அழகைக் காண்போர், அவ்வூர் தோன்றிய காரணத்தையும் அறிதல் வேண்டும். அடிமை பிடிக்க வந்த தகோமே அரசின் படைக்கு அஞ்சியே அவர்தம் முன்னோர் நீரினுட் புகுந்தனர். பெனின் குடாக் கரையிலிருந்து ஏறத்தாழ 20 இலட்சம் மக்கள் கப்பலேற்றப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியரின் மதிப்பு. வீடா என்னும் துறைமுகம் அவ்வணிகத்தின் தலைவாயிலாக விளங்கியது.

வடமேற்கே அற்றாக்கோரா மலையடிவாரத்தில் வாழ்வோர் பெத்தம்மரிபே மக்கள். மண்ணாலே ஈரடுக்காகக் கோட்டைபோல் எழுப்பப்படும் அவர்தம் வீடுகளிற் கீழ்த்தளம் கால்நடைக்கு. மேற்றளம் உறங்குதற்கும் தானியக்குதிருக்கும். தோகோவிலுள்ள அவர்தம் நிலத்தை 2004 இல் உலக மரபுரிமையாக ஏற்ற யுனெஸ்கோ, பெனின் பக்கத்து நிலத்தை 2023 இற் சேர்த்தது. வடகிழக்கே நிக்கியைத் தலைநகராகக் கொண்டு குதிரைப்படையாற் புகழ்பெற்ற பரிபா மக்கள். நைஜர்க் கரையில் தெந்தி மக்கள்.

இவர்கள் அனைவரிடையேயும் பரந்து வாழ்வோர் புலானி எனப்படும் ஆயர். மேற்கு ஆபிரிக்கா முழுவதும் பசுநிரையோடு உலவும் இவர்க்கு, அரசுகள் வகுத்த எல்லையினும் மழை வகுத்த எல்லையே பெரிது. உழவனின் அறுவடைத் தாளை இவர்தம் மாடு மேயும். மாட்டின் எரு உழவன் நிலத்துக்கு உரமாகும். பாலுக்குத் தானியம் மாறும். பூசல் இல்லாதிருந்ததில்லை; எனினும் அதனைத் தீர்க்கும் முறையும் இருந்தது. இது முல்லைத்திணையின் ஒழுக்கம்.

கோடும் பருத்தியும்

இவ்வொழுக்கத்தின் மேலே முதலிற் கோடு கீறியவர் ஐரோப்பியர். 1894 நவம்பரில் நிக்கி அரசனிடம் ஒப்பந்தம் பெறுதற்கு ஆங்கிலேயராகிய லுகாட்டும் பிரெஞ்சுக்காரராகிய தெக்கேரும் போட்டியிட்டு விரைந்தனர். லுகாட் முந்தினார், பிரெஞ்சுக்காரர் பின்வந்து வேறோர் ஒப்பந்தம் பெற்றனர். இறுதியில் 1898 இல் இரு வல்லரசுகளும் தமக்குட் பேசி, நிக்கியைப் பிரான்சுக்கும், பரிபா மக்களின் கிழக்குநிலத்தைப் பிரித்தானியாவுக்கும் ஆக்கின. மேற்கெல்லை 1897 இல் ஜேர்மனியோடு செய்த உடன்பாட்டால் அமைந்தது. அந்நிலத்தில் வாழ்ந்தோர் எவரும் அப்பேச்சில் அமரவில்லை.

இரண்டாவது கோடு காட்டின் கோடு. 1954 இல், பிரெஞ்சு ஆட்சியின்போது, இக்காடுகள் காப்புநிலமாக்கப்பட்டன. உள்ளே வேட்டையும் மேய்ச்சலும் உழவும் விலக்கப்பட்டன. விலங்குகள் இன்றளவும் எஞ்சியிருத்தற்கு அவ்விலக்கே காரணம் என்பதை மறுக்கவியலாது. ஆயினும் அந்நிலத்தைத் தம் முன்னோர் நிலமெனக் கருதியோர், ஒரு தலைமுறைக்குள் அதனுட் புகுந்தாற் குற்றவாளியராயினர் என்பதும் மெய்.

மூன்றாவது கோட்டைப் பருத்தி கீறியது. பெனினின் தலையாய ஏற்றுமதி பருத்தியே. அது மிகுதியாக விளைவது வடக்கே அலிபோரி மாவட்டத்தில். சிறப்பாகப் பனிக்குவாராவைச் சூழ்ந்த நிலத்தில். அப்பருத்தி வயல்கள் காட்டின் விளிம்புவரை சென்று முட்டிவிட்டன. அரசுக்கு வருவாய் பெருகியது. உழவனுக்குக் காசு கிடைத்தது. ஆனால் மாடு நடக்கும் பழைய வழிகள் உழப்பட்டன. ஒருபக்கம் வயல், மறுபக்கம் காடு. நடுவே மேய்ப்பனுக்கு நிற்க இடமில்லை. வயலிற் புகுந்தாற் பூசல். காட்டிற் புகுந்தாற் கைது.

மேற்கு ஆபிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு, எல்லைதாண்டிய மந்தைப் பெயர்ச்சியை 1998 இல் ஏற்று, அதற்கெனச் சான்றிதழ் முறையும் அமைத்தது. பெனினோ 2019 இன் இறுதியில், பிறநாட்டு மந்தைகள் தன் நாட்டினுட் புகுதலைத் தடுத்தது. உழவர்க்கும் ஆயர்க்குமிடையே நிகழ்ந்த உயிர்ச்சேதத்தைக் கண்டே அரசு அவ்வாறு செய்தது. அதன் கவலை பொய்யன்று. ஆனால் மழை பொய்த்த நிலத்தில் நிற்கும் மந்தை, ஆணையைப் படித்துத் திரும்பிப் போவதில்லை. நேர்வழி அடைபட்டால் அது மறைவழியிற் செல்லும்.

காட்டினுட் புகுந்த பகை

மாலியிலே தொடங்கிய ஆயுதக் குழுக்களின் போர், புர்க்கினாவின் கிழக்குப் பகுதியை 2018 அளவில் எட்டியது. காவலர் விலகிய காடுகள் அவர்க்கு அரணாயின. 'காட்டைத் திறந்துவிடுகிறோம், மேய்ச்சலும் வேட்டையும் தடையின்றி நடக்கட்டும்' என அவர்கள் அங்குள்ளோர்க்கு ஆசைகாட்டினர் என்று ஆய்வாளர் பலர் எழுதியுள்ளனர். சமயத்தின் பேராற் போரிடுவோர், முதலிற் பேசியது மேய்ச்சலைப் பற்றி என்பது எண்ணத்தக்கது.

2019 மே மாதத்தில் பென்ஜாரிக் காட்டுக்கு விலங்கு காணவந்த பிரெஞ்சுப் பயணிகள் இருவர் கவர்ந்து செல்லப்பட்டனர். அவர்தம் வழிகாட்டியாகிய பெனின் நாட்டவர் கொல்லப்பட்டார். அவர்களைப் புர்க்கினாவில் மீட்கையில் பிரெஞ்சுப் படைவீரர் இருவர் மாண்டனர். 2021 டிசெம்பரில் பெனின் படைமீதே தாக்குதல் தொடங்கியது. 2022 பெப்பிரவரியில் 'டபிள்யூ' காட்டிற் சுற்றுக்காவல் சென்ற வனக்காவலர் பலர், புதைத்துவைத்த வெடிக்குப் பலியாயினர். பெனின் அரசு அவ்வாண்டுத் தொடக்கத்தில் ஏறத்தாழ 3,000 வீரரை வடக்கே நிறுத்தியது. அல்கைதாவோடு தொடர்புடைய குழுவே இத்தாக்குதல்களிற் பெரும்பாலானவற்றுக்கு உரிமை கோரியது.

பகை மூன்று நாட்டுக் காட்டினுள் ஒன்றாக உலாவ, காக்க வேண்டிய மூன்று அரசுகளும் பிரிந்துநின்றன. 2023 யூலையில் நைஜரில் ஆட்சி கவிழ்ந்தது. கூட்டமைப்பின் தண்டனைக்கிணங்கப் பெனின் எல்லையை மூடியது. பின்னர் பெனின் திறந்தபோது, நைஜர் தன் பக்கத்தைத் திறக்க மறுத்தது. நைஜரும் புர்க்கினாவும் மாலியும் 2025 ஜனவரியிற் கூட்டமைப்பை விட்டே விலகின. ஆற்றுக்கு இருகரையிலும் நின்று ஒருவரையொருவர் ஐயுறும் காவலர், இடையே போகும் கள்வனைப் பிடிப்பதெங்ஙனம்?

காவலும் வழியும்

ஈண்டு எதிருரை ஒன்றுண்டு. 'மேய்ப்பனுக்கு இரங்கிக் காட்டைத் திறந்துவிடின் சிங்கம் அழியும். நஞ்சுவைத்தும் வலைவைத்தும் கொல்வர். மாடு மேய்ந்த புல்வெளியில் மானுக்கு என்ன மிஞ்சும்?' என்பர் காட்டுயிர்க் காவலர். இது தக்க வாதமே. 2017 இல் பென்ஜாரியையும் 2020 இல் 'டபிள்யூ' காட்டின் பெனின் பகுதியையும் 'ஆபிரிக்கன் பார்க்ஸ்' என்னும் அமைப்பு பெனின் அரசோடு உடன்பட்டுப் பொறுப்பேற்றது. அதன் வனக்காவலர் உயிரைக் கொடுத்தே காட்டைக் காத்துள்ளனர். அவர்தம் உழைப்பைக் குறைத்துரைத்தல் நன்றியின்மையாகும்.

ஆனால் காட்டைத் திறத்தல் ஒன்று. வழியைத் திறத்தல் மற்றொன்று. காட்டுக்கு வெளியே, வயலுக்கு நடுவே, மாடு செல்லுதற்குரிய வழிகளை அளந்து கல்நட்டுக் காத்தல் அரசால் இயலும். வழியிலே நீர்நிலை அமைத்தலும், பயிரழிவுக்கு உழவனும் ஆயனும் ஒருங்கமர்ந்து ஈடு பேசும் ஊர்மன்றத்தை வலுப்படுத்தலும் இயலும். சான்றிதழோடு வரும் மந்தையை எண்ணி உள்விடுதலும் இயலும்; எண்ணி உள்விட்டவனை அரசு அறியும், மறைவழியில் வந்தவனைப் பகைவனே அறிவான். மந்தையை ஓரிடத்தே நிறுத்தி வளர்க்கச்செய்தல் அரசின் நோக்கம். அது நன்றே ஆயினும், அதற்கு வேண்டிய புல்லும் நீரும் நிலவுரிமையும் ஆயனுக்கு முதலிற் கிடைத்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. தாக்குதல் நிகழுந்தோறும் புலானி மக்கள் அனைவர்மீதும் ஐயப்பார்வை விழுகிறது. ஆயுதமேந்தியோருட் புலானியரும் உளர், பிறரும் உளர்; அவ்வாயுதத்தால் மாண்டோருள்ளும் புலானியர் உளர். ஒரு மொழி பேசுவோர் அனைவரையும் ஐயத்துக்குரியோராக எண்ணும் வழக்கம் எத்தகைய விளைவைத் தரும் என்பதை வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஐயுறப்பட்டவனுக்குப் பகைவன் ஒருவனே நண்பனாகத் தோன்றும் நிலையை அரசே உண்டாக்குதல் அறிவுடைமையன்று.

பாலைக்குத் தனி நிலமில்லை என்பது நம் நூலோர் கொள்கை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து வளங்குன்றிய காலத்துப் பாலை என்னும் வடிவங் கொள்ளும். அப்பொழுதே அங்கு ஆறலைக்கும் கள்வர் தோன்றுவர். வெயிலே அத்திரிபுக்குக் காரணம் என்றனர் அவர். வடபெனினில் வெயிலோடு கோடும் சேர்ந்துகொண்டது. விலங்குக்கு எல்லை வகுத்தவரும், பருத்திக்கு நிலம் வகுத்தவரும், அரசுக்கு நாடு வகுத்தவரும், நடந்து செல்லும் ஆயனுக்கு வழி வகுக்க மறந்தனர்.

மே மாதத்து முதல் மழை விழும்போது அந்நிலம் மீண்டும் பசுமையுறும். பென்ஜாரிக் கரையில் மான்கள் கன்றீனும், பெருக்கமரம் தளிர்க்கும். அந்நிலம் இன்னும் முல்லையாகவே இருக்க விரும்புகிறது. அதனைக் காக்கப் படை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் படையிட்ட காவல் பகைவனைத் தடுக்கும் அளவே பயன்தரும். நட்பினனைப் பகைவனாகாமற் காத்தற்கு வழியும் நீரும் நீதியும் வேண்டும். மாண்ட 54 வீரரின் குடும்பத்தாரும், மந்தையோடு எல்லையிலே தயங்கி நிற்கும் ஆயனும் ஒரே நாட்டின் துயரையே சுமக்கின்றனர். அதனைப் பெனின் அரசு உணருங்காலத்தே, சிங்கத்துக்கும் அங்கு நெடுநாள் வாழ்வுண்டு.